வளைவில் அடித்த போன்

வியாபாரம் அடியோடு மூழ்கிய பிறகு, ஐம்பத்திரண்டு வயதில் டிரைவர் வேலைதான் கதி என்றாகிவிட்டது அவருக்கு. பழைய பஸ்ஸின் ஸ்டீயரிங்கைத் தொட்டதுமே இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்காதீங்க. லேசா பிடிங்க” என்றார் பக்கத்தில் நின்ற பயிற்சியாளர்.

வளைவு வந்தது. ஒரு பக்கம் கால்வாய், எதிரே லாரி. அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது.

கை தானாகப் பைக்குப் போனது. பஸ் கால்வாய்ப் பக்கம் சாய்ந்தது. பயிற்சியாளர் பாய்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பி, ஒருவழியாக வண்டியை ஓரங்கட்ட வைத்தார்.

ஓட்டப் பழகியவர் என்ஜினை அணைத்தார். “உயிரே போயிடுச்சுப்பா! வளைவுல போன் அடிச்சா மனுஷன் எப்படிப்பா ஓட்டுவான்?”

“நான் பதினோரு வருஷம் ஓட்டினேனே, முதலாளி” என்றார் பயிற்சியாளர். “உங்க நாப்பது பஸ்ல எது ரெண்டு நிமிஷம் லேட்டானாலும் உடனே போன் போடுவீங்களே. எடுக்கலைன்னா மறுநாள் வேலை இருக்காது.”



போன் மறுபடி அடித்தது. அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்த பஸ் முதலாளி.

கால்வாயைப் பார்த்தபோதுகூட அவர் கை அப்படி நடுங்கவில்லை.