கடைசி ஆள்

“இந்த மனுஷனையும் இழுத்துக்கிட்டுப் போனா, நம்ம டூர் உருப்பட்ட மாதிரிதான்!”

ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் ‘டொக்’கென்று வைத்தார் பேங்க் மேனேஜர்.

சைக்கிள் கடையின் பின்னறையில் எல்லோரும் வியர்வை வழிய உட்கார்ந்திருந்தார்கள். மலைப்பாதையில் ஐந்து நாள் சைக்கிள் பயணம். அதற்கான கடைசிப் பயிற்சி ஓட்டம் அன்றைக்கு முடிந்திருந்தது. முடிந்தது என்றால், ஒருவரைத் தவிர மற்றவர்களுக்கு.

அந்த ஒருவர் வழக்கம்போல இன்னும் வந்து சேரவில்லை.

“ரிவர்ஸ் கியர் இப்ப எந்த மரத்தடியில மூச்சு வாங்கிட்டு நிக்கிறாரோ!” என்றார் மருந்துக்கடைக்காரர். அந்தப் பெயரை வைத்ததே அவர்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள்.

நுரையீரல் நோயில் ஆறு மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தவள் அவள். டாக்டர் ‘இனி பயமில்லை’ என்று சொல்லியும், வீட்டில் யாருக்கும் மனசு ஆறவில்லை. மாடிப்படி ஏறினால் மகள் பின்னாலேயே ஓடி வந்தாள். தண்ணீர் வாளியைத் தொட்டால் கணவர் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். இந்தப் பயணத்துக்குப் பெயர் கொடுத்த அன்று வீடே ரணகளம்.

“இதை ஒரு தடவை முடிச்சுட்டு வந்துட்டா, அப்புறமாவது என்னை நோயாளி மாதிரிப் பார்க்கிறதை விடுவீங்கல்ல?” என்று கேட்டுவிட்டுத்தான் சைக்கிள் வாங்கினாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு எதிரே இருந்த மேம்பாலத்து ஏற்றத்திலேயே மூச்சு முட்டி நின்றுவிட்டாள். மற்றவர்கள் எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு புதிதாக இந்த ‘ரிவர்ஸ் கியர்’ வந்து சேர்ந்தார். அதன்பிறகு எப்போதும் இவர்தான் கடைசி. செயின் கழன்றுவிட்டது என்பார். தாகம் என்பார். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவார். டீச்சர் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம், தனக்கும் பின்னால் ஓர் ஆள் தள்ளாடிக்கொண்டு வருவது தெரியும். உடனே அவள் காலுக்கு எங்கிருந்தோ தெம்பு வரும்.

“மலையில இருட்டறதுக்குள்ள தங்கற இடத்துக்குப் போய்ச் சேரணும்” என்றார் மேனேஜர். “ஒருத்தருக்காக எல்லாரும் நடுரோட்டுல காத்துக் கிடக்க முடியுமா? கைடு தம்பி, அவரை நிறுத்திடுங்க. நாசூக்கா சொல்லிப் பாருங்க, கேக்கலேன்னா நான் சொல்றேன்.”

கைடின் முகம் சுருங்கியது. “எல்லாருக்கும் இதே அபிப்பிராயம்தானா? கை தூக்குங்க.”

கைகள் உயர்ந்தன. கைடு டீச்சரையே பார்த்தான்.

“நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?”

அவள் உயர்ந்திருந்த கைகளைப் பார்த்தாள். பேசாமல் இருந்தால், தன்னையும் அவரோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிடுவார்களோ?

கையைத் தூக்கினாள். மற்றவர்களைவிடச் சற்று உயரமாகவே.

அப்போதுதான் அவர் உள்ளே வந்தார். கைடு எழுந்து, தரையைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னான்.

அவர் நிதானமாகக் கையுறைகளைக் கழற்றினார்.

“டீச்சரும் சரின்னாங்களா?”

“எல்லாருமேதான் சார். ஒருமனதா!” மேனேஜர் முந்திக்கொண்டார்.

அவர் டீச்சரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

“அப்ப நல்லது. டீச்சர், ஏத்தம் வந்தப்புறம் கியரை மாத்தாதீங்க. ஏத்தம் கண்ணுல படும்போதே மாத்திடுங்க. மூச்சு அவ்வளவா வாங்காது.”

“யாரு யாருக்குப் பாடம் எடுக்கறதுன்னு ஒரு விவஸ்தை வேணாம்?” என்று மருந்துக்கடைக்காரர் முணுமுணுக்க, யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவர் வெளியே போய்விட்டார்.

டீச்சரால் உட்கார முடியவில்லை. ஒரு வார்த்தை ‘மன்னிச்சுக்குங்க’ என்றாவது சொல்லிவிடலாம் என்று வாசலுக்கு ஓடினாள்.

அதற்குள் அவர் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

இறங்கித் தள்ளவில்லை. சீட்டை விட்டு எழக்கூட இல்லை. முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்த ஒரு வேனை அலட்டிக்கொள்ளாமல் முந்தி, உச்சியைத் தாண்டி மறைந்துபோனார்.

 பின்னால் கைடு வந்து நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“எனக்கு முன்னாடி இந்த டூரையெல்லாம் நடத்தினவரே அவர்தான் டீச்சர். நான் தொழில் கத்துக்கிட்டதே அவர்கிட்டதான்.”

“பின்னே ஏன்… இங்க வந்து இப்படி…?”

“மொத ஞாயிறு என்னைப் பார்க்கக் கடைக்கு வந்திருந்தார். பாலத்துல நீங்க கண்ணைத் துடைச்சதைப் பார்த்துட்டார். ‘நாமதான் கடைசின்னு நினைச்சா அந்தம்மா அடுத்த வாரம் வரமாட்டாங்கடா. அவங்களுக்குப் பின்னாடி நான் வர்றேன், மலை வரைக்கும் வர்றேன். நீ யார்கிட்டயும் மூச்சு விடாதே’ன்னார். சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டேன். அதான் உள்ளே என்னால வாயைத் திறக்க முடியல.”

டீச்சர் வெறிச்சோடிக் கிடந்த பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னறையிலிருந்து மேனேஜரின் குரல் கணீரென்று கேட்டது:

“அப்பாடா, ஒரு தொல்லை விட்டுது! அவருக்கு அடுத்தபடியா மெதுவா வர்றது நம்ம டீச்சர்தானே? அவங்க உள்ளே வர்றதுக்குள்ள அதையும் பேசி முடிச்சுடுவோமா?”