முதல் சவாரி

மணிக்கூண்டு வந்ததும் வழிகாட்டிப் பெண்ணுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

சுற்றுலாப் பேருந்தின் கூரையில்லாத மேல்தளத்தில் நாங்கள் எல்லோரும் மணிக்கூண்டையே பார்த்தோம், மிச்சத்தை அது சொல்லிவிடும் என்பதுபோல.

இது அவளுக்குச் சோதனைச் சவாரி. கடைசி இருக்கையில் மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நன்றாகப் பேசினால் வேலை. இல்லையென்றால் இத்தோடு சரி.

“இதைக் கட்டி எவ்வளவு நாளாச்சும்மா?” என்று எடுத்துக்கொடுத்தார் தொப்பிக்காரர்.

அவள் கடகடவென்று ஒப்பித்தாள். அவர் வாயைப் பிளந்தார். கொஞ்சம் அதிகமாகவே பிளந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில், இருட்டுகிற நேரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மாள் “அடேயப்பா!” என்றார்.

மாலை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த நான், என் பங்குக்குப் பாலத்துக்குக் கைதட்டினேன்.

பாலம் இன்னும் வரவில்லை.

முன்னிருக்கைத் தம்பதி, வெளியூர்க்காரர்கள், திரும்பி என்னைப் படம் எடுத்தார்கள்.

ஆற்றோரச் சாலையை அடைத்திருந்தார்கள். பேருந்து ஒரு குடியிருப்புத் தெருவுக்குள் திரும்பி, நெரிசலில் நின்றது. அவள் மனப்பாடம் செய்ததில் இந்தத் தெரு இல்லை. கொடியில் காய்ந்த சட்டைகள் எங்கள் தோளுயரத்தில் ஆடின. மேலாளர் முன்னால் சாய்ந்தார்.

தொப்பிக்காரர் துள்ளி எழுந்தார்.

“ஏய், ஹால்ல லைட்ட அணைக்காமயா வந்த?”

“பூட்டினது உங்க சின்ன மக. அவளைக் கேளுங்க!” என்றார் கறுப்புக் கண்ணாடி.

இருவரும் என்னை முறைத்தார்கள். அணைத்தேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

மேலாளர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாக மைக்கோடு நின்றவளைப் பார்த்தார். அதில் மூன்று பேருக்கு ஒரே மூக்கு.

அக்காவின் முகம் வெளுத்தது.

வெளியூர் அம்மாள் வெளிச்சம் தெரிந்த ஜன்னலைக் காட்டினார். “அது உங்க வீடாம்மா?”

அக்கா மேலாளரைப் பார்த்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? மைக்கைத் தூக்கினாள்.

“ஆமாங்க. மூணாவது மாடி. எங்கப்பா அந்த பால்கனில நின்னுகிட்டு, தெருவுல போறவங்களுக்கெல்லாம் கேக்காமலே வழி சொல்வாரு. பாதிப் பேரு மறுபடியும் இங்கயே வந்து நிப்பாங்க.”

தளமே சிரித்தது. அப்பா தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் வணக்கம் வைத்தார். அன்று மாலை முதன்முறையாக அக்கா எங்கேயும் தடுமாறவில்லை.

வழி கிடைத்து, பேருந்து உறுமியது.

“இருங்க, இருங்க,” என்று பின்னாலிருந்து மேலாளரின் குரல் வந்தது. “பக்கத்து வீட்டுல யாரு இருக்கா?”