சத்திரக்காரியின் கதவு

“அவளால அந்தக் கதவைத் தாண்ட முடியாது. தாண்டவும் கூடாது. நான் அப்படித்தான் வெச்சிருக்கேன்.”

இப்படித் தட்டி அனுப்பிவிட்டுச் சிற்பி நாற்காலியில் சாய்ந்தார். கல்லைத் தொட்ட சிற்பி அல்ல. வண்டி இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்துக் கோப்பு புரட்டுகிறவர். சிற்பி என்பது இணையத்தில் அவரே தமக்குச் சூட்டிக்கொண்ட பட்டம்.

பூதம், மந்திரவாதி, வாள்வீரர்கள் என்று போகிற ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு. உண்டாக்கிய கம்பெனியே அதை மறந்துவிட்டது. ரசிகர்கள் சிலர்தான் விடாப்பிடியாக அதற்குப் புதுக் கதையும் புது ஊரும் கட்டிச் சேர்த்து, சும்மாவே வெளியிடுவார்கள். சிற்பி ஒரு முழு நகரத்தையே கட்டியிருந்தார். இன்றைக்குச் சாயங்காலம் வெளியீடு.

அந்த நகரத்துச் சத்திரத்தில் ஒருத்தி உண்டு. அவள் தலையில் கஞ்சியைக் கொட்டினாலும் “பரவால்லைங்க” என்பாள். முன்னோட்டம் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்படி ஒருத்தியை எப்படிக் கற்பனை செய்தீர்கள் என்று வேறு கேட்டார்கள். கற்பனைக்கு அவர் வெகுதூரம் போகவில்லை, சமையலறை வரைதான் போனார்.

“சத்திரக்காரி கதவைத் தாண்டி வர மாட்டேங்கிறாளே, இது தப்பா?” என்று கேட்டிருந்தது வழிப்போக்கன். அதற்குத்தான் அந்தப் பதில்.

வெளியிடும் முன்பு விளையாடிப் பார்த்துத் தப்பு கண்டுபிடித்துச் சொல்லச் சிலர் வந்தார்கள். சிற்பியின் வாய்க்கு அஞ்சி எல்லாரும் ஓடிப்போக, மிஞ்சியது வழிப்போக்கன் என்ற பெயரில் வருகிற இந்த ஒருவன்தான். முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. எத்தனை திட்டினாலும் மறுநாள் வந்துவிடுவான். மகன் பிறந்திருந்தால் இப்படிப் பிறந்திருக்க வேண்டும் என்று சிற்பி நினைத்துக்கொள்வார்.

கதவு திறந்தது. கையில் தட்டோடு மனைவி நின்றாள்.

“சாப்பாடு ஆறுது.”

அவர் திரும்பவில்லை.

“என்னங்க, சாப்பாடு ஆறுது. இன்னிக்காவது வெளிய வந்து எங்களோட உக்காந்து சாப்பிடுங்களேன். பொண்ணும் காத்துக்கிட்டிருக்கா.”

“உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே சாப்பிட்டா உள்ள இறங்குமா? வெச்சிட்டுப் போ.”

அவள் தட்டை மேஜைமேல் வைத்தாள். மூன்றாவது தடவையாக, “சாப்பாடு ஆறுது” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

ஒரு வாய் சாப்பிடுவதற்குள் வழிப்போக்கனிடமிருந்து செய்தி வந்தது.

“ஒரு சின்னத் தப்பு. சத்திரக்காரி ‘சாப்பாடு ஆறுது’ன்னு ரெண்டு தடவைதான் சொல்றா. மூணு தடவைல்ல சொல்லணும்?”

சிற்பி தொடையைத் தட்டிக்கொண்டார். பயல் கெட்டிக்காரன். உடனே திருத்தினார்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு. சத்திரத்துல விருந்தாளிங்க பெட்டி படுக்கைய இழுக்கிற சத்தம் ஒரு ரூம்ல சரியா வரலை. எந்த ரூம்னு பிடிபடலை. ஹெட்போன் போட்டு, சத்தத்த முழுசா வெச்சு, எல்லா ரூமையும் கேட்டுடுங்க. நடுவுல எழுந்திரிச்சா விட்டுப்போயிடும். அப்புறம் ஊரே சிரிக்கும்.”

ஊரைப் பார்த்துச் சிரிப்பார் சிற்பி. ஊர் தன்னைப் பார்த்துச் சிரிப்பது மட்டும் அவருக்கு ஆகாது. ஹெட்போனை மாட்டினார்.

அறை அறையாகக் கேட்டார். மரப்பெட்டி இழுபட்டது. கட்டில் நகர்ந்தது. படியில் கனத்த காலடிகள் இறங்கின. ஒரு தடவை தரையே அதிர்ந்து, தட்டில் கிடந்த ஸ்பூன் ஆடியது. சிற்பிக்குப் புல்லரித்தது. சத்தம் என்றால் இதுவல்லவோ சத்தம், காலில் அல்லவா ஏறுகிறது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

கடைசி அறையையும் கேட்டு முடிக்கும்போது வெயில் இறங்கிவிட்டது. ஒரு குறையும் இல்லை. வெளியிட்டார். கொஞ்ச நேரத்திலேயே பாராட்டு வந்து குவிய ஆரம்பித்தது. பக்கத்தில் நின்று பார்க்க ஒரு ஆள் இருந்தால் தேவலை என்று தோன்றியது.

ஹெட்போனைக் கழற்றினார். “ஏய், உன்னைத்தான். இங்க வந்து பாரு.”

இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.

“காது அடைச்சுப் போச்சா?”

வெறும் பாத்திரத்துக்குள் பேசியதுபோல் அவர் குரலே அவருக்குத் திரும்பி வந்தது. எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

கூடத்தில் சோபா இல்லை. சாப்பாட்டு மேஜை இல்லை. பீரோ நின்ற இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. மகளின் அறையில் கட்டில்கூட இல்லை. வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் அவரைப் பார்த்ததும் சட்டென்று உள்ளே போய்விட்டார்.

மனைவிக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. மகளுக்குப் போட்டார், அவளும் எடுக்கவில்லை. வேறு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தார். ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை. அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது.

தட்டுத்தடுமாறிக் கம்ப்யூட்டருக்கே திரும்பி வந்தார். தன்னை மதிக்கிற ஒரே ஜீவனுக்கு எழுதினார்: “தம்பி, என் பொண்டாட்டி வீட்டைக் காலி பண்ணிக்கிட்டுப் போயிட்டா. எனக்குன்னு யாருமில்லை. நீயாவது இருக்கியா?”

வழிப்போக்கனிடமிருந்து உடனே பதில் வந்தது.

“சாவிய அடுப்பு மேல வெச்சிருக்கேங்க.”