உப்பு ஒத்தடம்

"காலை நீட்டு தம்பி. இழுத்தே, இன்னொரு காலும் போயிடும்!"

பூங்காவனம் முழ நீளக் கத்தியோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். பாலாஜியின் உயிர் தொண்டைக்குழி வரை வந்து, வெளியே போகலாமா வேண்டாமா என்று எட்டிப் பார்த்தது. அவள் அந்தக் கத்தியால் ஃப்ரீசர் ஐஸ் பாளத்தைக் கொத்தி, துண்டில் முடிந்து, அவன் கணுக்காலில் வைத்த பிறகுதான் அது உள்ளே இறங்கியது.

உடையார்பாளையத்தைத் தாண்டி, முந்திரிக்காட்டுக்கு நடுவே ஒற்றை வீடு. கத்தினாலும் கேட்க ஆளில்லை என்று பார்த்துத்தான் பாலாஜி உள்ளே புகுந்திருந்தான். பீரோவிலிருந்து எடுத்த ஆறு பவுன் ஆரம் இடுப்பில் பத்திரமாக இருந்தது.

பின்சுவர் ஏறிக் குதிக்கிற வரைக்கும் எல்லாம் சுத்தம். குதித்த இடத்தில் மூன்று மூட்டை முந்திரிக்கொட்டையைக் காயப் போட்டிருந்தார்கள். கோலிக்குண்டு மேல் யானை இறங்கின மாதிரி சறுக்கி, கால் பிசகி, மல்லாந்துவிட்டான்.

சத்தம் கேட்டுக் காட்டிலிருந்து ஓடிவந்தவளிடம், "கேபிள் லைன் பாக்க வந்தேம்மா, செவுத்துலேருந்து வழுக்கிட்டேன்" என்று அளந்தான். அவளும் "அடப் பாவமே" என்று கைத்தாங்கலாகக் கூடத்துக்குக் கூட்டிவந்துவிட்டாள். மூணேகாலுக்கு மெயின் ரோட்டில் ஜெயங்கொண்டம் பஸ். அதைப் பிடித்தால் பிழைத்தான். விட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

"ஐஸு நல்லா கேக்கும் தம்பி. போன மாசம் நானும் இதே கொட்டையில சறுக்கித்தான் விழுந்தேன். ரெண்டு நாளைக்கு ஐஸத் தவிர வேற எதையும் வைக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. மூணாம் நாள் காட்டுக்கே ஓடிட்டேன்ல!"

கேட்கத்தான் செய்தது. கால் மணி நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தது. மணி இரண்டு ஐம்பது. பாலாஜி சுவரைப் பிடித்து எழுந்து, நாலடி வைத்துப் பார்த்தான். ஓட முடியாது, நொண்டி நொண்டிப் போய்விடலாம்.

"வரேம்மா. ஆபீஸ்ல தேடுவாங்க."

பூங்காவனம் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சட்டைய இழுத்து வுடு தம்பி, இடுப்பு தெரியுது. அரைகுறையா போனா ஆயுசுக்கும் நொண்டணும். உக்காரு, ஒரு ஒத்தடம் குடுத்துடறேன்."

"வேணாம்மா..."

"எங்க வூட்டுல விழுந்த புள்ளைய அப்படியே அனுப்புவனா? உக்காருங்கறேன்ல!"

பிடிவாதம் பிடித்தால் சந்தேகம் வரும். உட்கார்ந்தான். வாசலுக்கு நேர் எதிரே அடுப்பங்கரை, நழுவவும் வழியில்லை. வாணலியில் கல்லுப்பு படபடவென்று பொரிந்தது. நடுவே அவள் போன் பேசுவதும் கேட்டது.

"பரிமளா, ஒரு தம்பிக்குக் கால் பிசகிடுச்சு. கொஞ்சம் நொச்சித் தழை ஒடிச்சுக்கிட்டு வாயேன்..." அப்புறம் குரல் தணிந்தது. ஒரு கட்டுத் தழைக்கு இத்தனை பேச்சா என்று பாலாஜி பல்லைக் கடித்தான்.

ஆவி பறக்கும் உப்பு மூட்டை கணுக்காலில் இறங்கியது. அவன் போட்ட அலறலில் விக்கிரமங்கலத்து மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கும்.

"சுடுதும்மா!"

"சுட்டாத்தான் ஒத்தடம். சுடலன்னா அதுக்குப் பேரு தடவிக்குடுக்கறது. ஆம்பளப் புள்ளதானே நீ?"

எடுத்தாள், வைத்தாள். உப்பு ஆறினால் மறுபடி வறுத்தாள். உலக்கை பிடித்த கை. கால் அந்தப் பிடியை விட்டு அசையவில்லை. மூன்று மணிக்குக் கொய்யாக்காய் அளவு இருந்த வீக்கம், மூன்று பத்துக்குத் தேங்காயாகி, பூசணிக்காயைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. பஸ் ஹாரன் தூரத்தில் கேட்டது. பாலாஜி துள்ளி எழுந்தான்; எழுந்த வேகத்தில் பொத்தென்று விழுந்தான்.

வாசலில் வண்டி வந்து நின்றது. பரிமளா உள்ளே வந்தாள். கையில் தழையும் இல்லை, கொழுந்தும் இல்லை. அவளுக்குப் பின்னால் காக்கி பேண்ட் இரண்டு நின்றன.

பாலாஜி ஒன்றும் புரியாமல் பூங்காவனத்தைப் பார்த்தான். "யம்மா... ஐஸு வச்சப்ப நல்லாத்தானே இருந்துச்சு? நீங்க ஒத்தடம் குடுத்தப்புறம்தானே இப்படி வீங்கிப் போச்சு?"

பூங்காவனம் சாவகாசமாக உப்பு மூட்டையை அவிழ்த்து உதறினாள்.

"வீங்கட்டும்னுதானே தம்பி குடுத்தேன்!"