சூடான பந்து

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் பிரிட்டிஷ் படையினர் விட்டுப்போன முகாமில், இரண்டு பேர் மாறி மாறிச் சுவரில் பந்தடித்து விளையாடும் ஸ்குவாஷ் அறை ஒன்று இருக்கிறது. அவர்கள் போன பிறகு அதில் யாரும் விளையாடியதில்லை. துப்புரவு வேலை செய்யும் ஜசிந்தா திங்கட்கிழமை காலை பூட்டைத் திறந்தபோது, தரையில் ஒரு கறுப்பு ரப்பர் பந்து கிடந்தது. அதைப் பொறுப்பாளர் மகேந்திரராஜாவிடம் கொண்டுபோனாள்.

"அண்ணை, இது சுடுது."

அவர் முன்பு அந்த முகாமின் சமையலறையில் வேலை செய்தவர். ஒரு சார்ஜண்ட்தான் அவருக்கு அந்த விளையாட்டைப் பழக்கினார். பந்தை உள்ளங்கையில் வைத்துப் பொத்திப் பார்த்தார்.

"கனநேரம் அடிச்சு விளையாடினால்தான் இது இப்பிடிச் சூடாகும், தங்கச்சி. ஆர் உள்ள போனது?"

"ஒருத்தரும் போகேல்லை. பூட்டின்ரை திறப்பு என்னட்டைத்தான் இருந்தது."

அறையை இடிப்பதற்கான கடிதம் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது. மகேந்திரராஜா அதை இழுப்பறைக்குள் வைத்தார். அலுமாரியிலிருந்த தன் பழைய மட்டையை எடுத்துக்கொண்டு தனியாக அந்த அறைக்குள் போனார்.

ஜசிந்தா வெளியே நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் ஓர் அடி கேட்டது, பிறகு பந்து சுவரில் மோதியது. அடுத்த அடி அறையின் மறுமூலையிலிருந்து கேட்டது. கொஞ்ச நேரத்தில் மகேந்திரராஜா சிரித்தார். பழக்கம் விட்டுப்போய்விட்டது, இன்னொரு தரம் தொடங்குவோம் என்று யாரிடமோ ஆங்கிலத்தில் சொன்னார்.