மாசுக்கு ஒரு வாக்கியம்

"இது பொய் அட்டை," என்று சொல்லிப் பதிப்பாசிரியர் அதை மேசைமேல் போட்டார்.

எதிரே நின்ற உதவியாசிரியை அதை எடுக்கவில்லை. அந்த அகராதி அலுவலகத்தில் ஆளுக்கு ஓர் எழுத்து. அவருடையது ம. அதனால் எல்லாருக்கும் அவர் 'ம அக்கா'.

"மாசுங்கற சொல் எங்கெல்லாம் வரும்? பேப்பர்ல வரும், அறிக்கையில வரும், மேடையில 'மாசில்லாத மனசு'ன்னு வரும். வீட்டுல யாரும்மா மாசுன்னு பேசுறா? தண்ணி சரியில்லம்பாங்க, கலங்கியிருக்கும்பாங்க, நாறுதும்பாங்க. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?"

"ஒருத்தங்க சொன்னாங்க சார்."

அந்த அகராதியின் கெடுபிடி ஊரறிந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் கொடுக்கிற பேச்சு வாக்கியம், யாரோ ஒருவர் நிஜமாகவே வாய்திறந்து சொன்னதாக இருக்க வேண்டும். அலுவலகத்தில் எல்லார் பையிலும் வெற்று அட்டைகள் இருக்கும். பஸ்ஸில் நல்ல சண்டை நடந்தால், இறங்க வேண்டிய இடத்தைக்கூட விட்டுவிட்டு எழுதிக்கொண்டிருப்பார்கள். அட்டையின் பின்பக்கம் இடம், தேதி, பேசியவரின் வயது எல்லாம் வேண்டும், பெயர் மட்டும் கூடாது.

சொந்தமாக இட்டுக்கட்டினால் வேலை போகும். கூடவே அவர் எழுதிய அத்தனை அட்டையும் கிழிபடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அங்கே சட்டம் மாதிரி. போன வருடம் 'த' அப்படித்தான் போனார். அவருடைய இரண்டு வருட அட்டைகளை மூட்டை கட்டிக் குப்பைக்கு அனுப்பினார்கள். ம அக்காவுடையது எட்டு வருட உழைப்பு. பக்கங்கள் நாலு மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும், மணி மூன்றரை ஆகிவிட்டது.

பதிப்பாசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார்.

"'புள்ளைக்கு என்னன்னு கேட்டா, தண்ணியில மாசுங்கறாங்க. இத்தனை நாளும் அதைத்தான் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்திருக்கேன்.'"

பஸ் நேரம் படிப்பதுபோலப் படித்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இருபத்திரண்டு வருடமாகச் சாவு, பசி, பிரிவு என்று எல்லாவற்றுக்கும் பொருள் எழுதியாகிவிட்டது. மனசு எப்போதோ மரத்துப்போயிருந்தது, அதில் அவருக்கு வருத்தம்கூட இல்லை.

"ரொம்ப ஜோடிச்ச மாதிரி இருக்கு. சீரியல் பார்த்து எழுதினீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப அந்தம்மாவுக்கு மாசுங்கற சொல் எங்கேருந்து கிடைச்சுது?"

"டாக்டர்கிட்டேருந்து. அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிட்டிருந்தாங்க சார். வேற சொல் எதுவும் வாயில வரல."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வேலை போய்விடுமே என்கிற பயம் துளியாவது முகத்தில் தெரிய வேண்டாமா? இடித்த புளி மாதிரி நின்றார். பதிப்பாசிரியருக்குச் சந்தேகம் கூடியது அதனால்தான். 'த'வும் மாட்டிக்கொண்ட அன்று இப்படித்தான் நின்றார்.

அட்டையைத் திருப்பினார். "பெண், முப்பத்தாறு. இடம், ஆஸ்பத்திரி வராந்தா. தேதி..." சுவரில் இருந்த நாள்காட்டியை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, அன்னைக்கு நீங்க லீவுல இல்ல இருந்தீங்க? வீடு மாத்தணும்னு மூணு வாரம் போனீங்களே."

"ஆமா சார்."

"லீவுல போய் யாராவது அட்டை எழுதுவாங்களா?"

"பையில அட்டை இருந்துச்சு. பழக்கம்."

"நல்ல பழக்கம். சாமான் ஏத்துற லாரியை நிக்க வச்சுட்டு, ஆஸ்பத்திரியில போய் ஒட்டுக்கேட்டீங்களாக்கும்."

பக்கத்து மேசை 'க' சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். ம அக்கா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

பதிப்பாசிரியர் குரலைத் தணித்தார். எட்டு வருடம் கூட இருந்தவர் ஆயிற்றே. "இங்க பாருங்க. இந்த அட்டையை நீங்களே கிழிச்சுப் போட்டுடுங்க. 'ஆலைக்கழிவால் ஆறு மாசுபட்டது'ன்னு பேப்பர்ல வந்தது ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுடலாம். நீங்களும் தப்பிச்சீங்க, நானும் தப்பிச்சேன்."

"வேணாம் சார். இது இருக்கட்டும்."

"பொய்யின்னு ஆயிட்டா உங்க எட்டு வருஷமும் போயிடும்."

"தெரியும் சார்."

"அந்தம்மா ரெண்டு மாசத்துக்கு முன்னாடி சொன்னதை இப்ப நான் எங்க போய் விசாரிக்கிறது?"

"மூலையில நம்பர் எழுதியிருக்கேன் சார். நீங்களே கேட்டுக்குங்க."

சொல்லும்போது அவர் பதிப்பாசிரியரைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பதிப்பாசிரியர் மேசை ஃபோனை இழுத்தார். பென்சிலால் எழுதியிருந்த எண்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். ரிசீவரில் மணி போகிற சத்தம் கேட்டது.

அதே நேரம் மேசைக்கு அந்தப் பக்கமும் ஒரு ஃபோன் அடிக்க ஆரம்பித்தது.

"முக்கியமா பேசிட்டிருக்கேன்ல. அதை அணைங்கம்மா முதல்ல," என்றார் எரிச்சலுடன்.

ம அக்கா அதை அணைக்கவில்லை. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"கேளுங்க சார், நான்தான் சொன்னேன்."