பேரெல்லாம் கேள்விக்குறி

ராத்திரி மணி பன்னெண்டரை. உன்கிட்ட மட்டும் சொல்றேன். அம்மாவோட தையல் ரூம்ல அந்தக் கிழட்டு விண்டோஸ் செவன் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குற மாதிரி இரைஞ்சுக்கிட்டு இருக்கு. புரோகிராம் எழுதுற பைத்தானோட புது வெர்ஷன் இதுல ஏறவே மாட்டேன்னுடுச்சு. எருமை மேல மழை பேஞ்ச மாதிரி கம்முனு நின்னுச்சு. பழசைத் தேடிப் போட்டேன். அம்மா கஸ்டமர் பேரெல்லாம் தமிழ்ல, அளவெல்லாம் வெறும் நம்பரா ஒரே ஃபைல்ல அடிச்சு வச்சிருக்காங்க, அதை அகர வரிசையில அடுக்கித் தரலாம்னு நாலு வரி புரோகிராம் எழுதினேன். ஸ்கூல்ல சமத்தா ஓடின அதே நாலு வரி, இங்க தமிழ் எழுத்தே தெரியாதுன்னு பத்து தடவை அடம் பிடிச்சுது. கடுப்புல, தெரியாத எழுத்தை மாத்திக்கோன்னு ஒரு வார்த்தை சேர்த்தேன். அதே ஃபைல் மேலயே எழுதி மாத்திடுச்சு. அறுபது பேரோட பேரும் இப்போ வெறும் கேள்விக்குறி, அளவு மட்டும் அப்படியே இருக்கு. காப்பியும் எடுத்து வைக்கலை. "காலையில ஏழு ஜாக்கெட் வெட்டணும், செத்தடி நீ"ன்னு அக்கா என் தோள்ல சாஞ்சு சிரிக்கிறா. சத்தம் கேட்டு அம்மா கண்ணைக் கசக்கிக்கிட்டு வந்து நிக்கிறாங்க. அறை விழும்னு கழுத்தைச் சுருக்கிக்கிறேன். அவங்க திரையில விரலை வச்சு, "கை பதினொண்ணு, தோள் பதினாலு... இது டீச்சரம்மா. இது பேங்க்காரி. எழுதுடி, அந்தச் சனியன்ல இல்ல, பேப்பர்ல!"ன்னு வரிசையா சொல்லிக்கிட்டே வர்றாங்க. ஒரு வரியில விரல் நிக்குது. "இடுப்பு நாப்பத்திரண்டா? யாருடி இந்தப் பீப்பா?" போன வாரம் அக்கா எடுத்து, அவளே அடிச்சு வச்ச அம்மாவோட அளவு அது. நான் பேனாவைப் பார்க்கிறேன், அக்கா ஃபேனைப் பார்க்கிறா.